எந்த ரூட்டுக்கு வண்டி?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் வரும் நெடுஞ்சாலையில் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கூண்டு இல்லை, கூரை இல்லை, முன்கண்ணாடி இல்லை. வெறும் சட்டமும் இன்ஜினும் சக்கரங்களும் ஓடி வரும். ஒரு தற்காலிக இருக்கையில், தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். சேஸிஸ், பாடி கட்டப் போகிறது. லாரி என்றால் நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ நின்றுவிடும். பஸ் என்றால் கரூர் வரை வரும்.

வீட்டில் கட்டும் கிட் விமானம் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் இந்தச் சேஸிஸைத்தான் காட்டுவேன். ஒரு பாதி தொழிற்சாலையிலிருந்து வருகிறது, மறுபாதியைப் பட்டறை செய்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே இன்ஜின் முதலில் வந்து உடம்பு பிறகு வரும். விமானத்தில் தலைகீழ். உடம்பின் துண்டுகள் மரப்பெட்டியில் முதலில் வரும், இன்ஜினைப் பிறகு தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டறை என்பது பெரும்பாலும் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகை.

சொந்தமாக விமானம் கட்டுவதில் மூன்று நிலைகள் உண்டு. தானே வடிவமைத்துத் தானே கட்டுவது முதல் நிலை. அடுத்தது, வேறொருவர் வடிவமைத்த வரைபடத்தை மட்டும் வாங்கி, தகடு, மரம், கட்டை எல்லாவற்றையும் நாமே வெட்டிக் கட்டுவது. மூன்றாவதுதான் கிட். வெட்டி, வளைத்து, துளையிட்ட பாகங்கள் வரும். கையேட்டைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் இப்படிக் கட்டுபவர்களுக்கென்று 1953-ல் பால் போபெரெஸ்னி தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. அது ஆண்டுதோறும் கோடையில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் என்ற ஊரில் நடத்தும் விழா, விமானம் கட்டுபவர்களுக்கு நம் ஊர்த் தேர்த்திருவிழா மாதிரி. ஒரேகான் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் விற்ற ஆர்வி வகைக் கிட்டுகளில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. ஆகவே இது நாலைந்து கிறுக்கர்களின் விளையாட்டு அல்ல.

அங்கே இதற்கு ஒரு முக்கிய விதி இருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ கட்டும் தனிமனிதர்களே செய்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். தொழிற்சாலை இறக்கையையும் உடலையும் பாதி சேர்த்து அனுப்பும் 'விரைவுக் கிட்' உண்டு. கூடுதல் பணத்தைக் கொடுத்தால் சில நூறு மணி நேர வேலை மிச்சமாகும். அதுவும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. முழுதாகக் கட்டி அனுப்பினால் அது தொழிற்சாலை விமானம். அதற்குரிய சான்றிதழ் வேறு, சட்டம் வேறு, விலையும் வேறு.

என் அத்தை மகன் டல்லாஸ் அருகே கணினி வேலையில் இருக்கிறான். விமானம் ஓட்டும் உரிமம் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பெட்டியில் சாக்லேட்டுக்குப் பதிலாக அலுமினியத் தகடுகள் வந்தன. கிட் வாங்குவதற்கு முன் கை பழக விற்கும் பயிற்சிப் பெட்டி அது. சேர்த்து முடித்தால் ஒரு சிறிய கருவிப்பெட்டி கிடைக்கும். "இதை நம் கரூரில் பழகாமல் வேறெங்கே பழகுவது, மச்சான்?" என்றான். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், விடுமுறையால் ஆளில்லாமல் கிடந்த ஒரு பஸ் பாடிப் பட்டறைக்குப் போனோம். நாற்பது ஆண்டுகளாக ரிவிட் அடிக்கும் மேஸ்திரி ஒருவர் எங்களுக்காகவே வந்திருந்தார்.

அவன் ஆர்வத்தோடு ஒரு தாளை நீட்டினான். வாங்க நினைத்திருக்கும் கிட்டின் விருப்பப் பட்டியல். எந்த இன்ஜின், எந்தப் புரொப்பெல்லர், எந்தச் சக்கரம், வேகமும் உயரமும் காட்டும் எந்தத் திரை, எந்த விளக்கு என்று இரண்டு பக்கம். ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் எதிரே டிக் போட்டிருந்தான். மேஸ்திரிக்கு அதில் பாதி விளங்கியிருக்காது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த ரூட்டுக்கு வண்டி, கண்ணு?"

பஸ் கட்ட வருபவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. டவுன் பஸ் என்றால் இரண்டு அகலமான வாசல், நிற்க இடம். சென்னை ரூட் என்றால் சாய்வு இருக்கை, கீழே பெரிய டிக்கி. வால்பாறை ரூட் என்றால் ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, நீளம் குறைந்த வண்டிதான் திரும்பும். ரூட்டைச் சொல்லிவிட்டால் பட்டியலில் முக்கால்வாசி தானாக நிரம்பிவிடும். ரூட்டைச் சொல்லாமல் டிக் போட்டால் வண்டி எல்லாவற்றையும் சுமக்கும், எதற்கும் உதவாது. விமானக் கிட்டைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்தக் கேள்விக்குள் அடக்கம்.

முதலில் அது எதனால் ஆனது என்று பார்ப்போம். எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்துவது பழைய முறை, இன்னும் உயிரோடு இருக்கிறது. கிட்ஃபாக்ஸ் அந்த வகை. இறக்கையை மடக்கி டிரெய்லரில் வைத்து வீட்டுக்கு இழுத்துப் போகலாம். துணி என்றதும் பயப்பட வேண்டாம். அது பாலியெஸ்டர். சட்டத்தில் பசையிட்டு ஒட்டி, வெப்பநிலையைச் சரியாக அளந்துகொண்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறார்கள். சூடு பட்டதும் துணி சுருங்கிப் பறைத்தோல் போல விறைக்கும். ஈரோட்டிலும் திருப்பூரிலும் துணி சுருங்கினால் சரக்கு திரும்பி வரும், இங்கே சுருங்காவிட்டால்தான் தப்பு. இரண்டாவது, நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து எபாக்ஸிப் பிசின் பூசுவது. பர்ட் ரூட்டான் 1970-களில் வேரிஈஸி விமானத்தின் வழியாக இதை வீடுகளுக்குள் கொண்டுவந்தார். வழவழப்பான வடிவம் கிடைக்கும், ஆனால் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்றுவிடும். சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸ் போர்விமானத்தின் மேற்தோல் பெரும்பாலும் கார்பன் இழை. தத்துவம் அதன் தூரத்து உறவு.

மூன்றாவது அலுமினியத் தகடும் ரிவிட்டும். எங்கள் ஊர்க்காரன் அதைத்தான் எடுப்பான் என்பதில் வியப்பில்லை.

ரிவிட் அடிப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தகட்டின் தடிமன் 0.8 மில்லிமீட்டர். ரிவிட்டின் தண்டு 3.2 மில்லிமீட்டர். இரண்டு தகடுகளிலும் துளைகள் தொழிற்சாலையிலேயே இட்டு வந்துவிடுகின்றன. கிளெகோ என்ற சிறிய வில் ஊக்குகளைத் துளைகளில் மாட்டித் தகடுகளை நகராமல் பிடிக்க வைக்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பிசிறு எடுக்கிறார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பிசிறு நின்ற இடத்தில்தான், அதிர்வில் அதிர்வில், முடியைப் போன்ற விரிசல் பிறக்கும். மீண்டும் சேர்த்து, ரிவிட்டை நுழைத்து, ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் தலையில் அடிக்க, மற்றவர் மறுபுறம் டாலி என்ற எஃகுக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்டின் நுனி நசுங்கி இரண்டாவது தலையாகும். அந்தத் தலையின் அகலம் தண்டைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 4.8 மில்லிமீட்டர். உயரம் பாதி, 1.6 மில்லிமீட்டர். அதற்கென்று ஒரு சிறிய அளவுத்தகடு உண்டு.

அத்தை மகன் துப்பாக்கியைப் பிடித்தான், நான் டாலியைப் பிடித்தேன். டர்ர்ர் என்று இரண்டு நொடி. என் கை சற்றே சாய்ந்திருக்கிறது. தலை ஒரு பக்கம் வழிந்து, வாடிய குடைக்காளான் போல நின்றது. மேஸ்திரி குனிந்து பார்த்தார். "பஸ்ஸாக இருந்தால் பெயின்ட் அடித்தால் தெரியாது" என்றார். பிறகு அவரே துளைக்கருவியை எடுத்து, ரிவிட் தலையின் நடுவில் மட்டும் துளைத்து, ஊசித்தண்டால் நெம்பித் தலையைப் பெயர்த்து, தண்டைத் தட்டி வெளியே எடுத்தார். தகட்டுத் துளை ஒரு மயிரிழைகூடப் பெரிதாகவில்லை. விமானம் கட்டுபவன் கற்க வேண்டிய முதல் வித்தை ரிவிட் அடிப்பது அல்ல, அடித்ததைச் சேதமில்லாமல் எடுப்பது. இதனால்தான் எல்லோரையும் வால்பகுதிக் கிட்டை முதலில் வாங்கச் சொல்கிறார்கள். அது சிறியது, விலை குறைவு. கெடுத்துவிட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். வால் முடிவதற்குள், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். இறக்கை, உடல், இன்ஜின் பகுதி என்று மற்றவை பிறகு வரும். ஆர்வி-7 போன்ற இரண்டு இருக்கை விமானத்தை மாலையிலும் விடுமுறையிலும் கட்டினால் 1500 மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். நாலைந்து ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். முதலில் எடை, ஏனென்றால் மற்ற எல்லா டிக்கும் இங்கேதான் வந்து மோதும்.

ஆர்வி-7 தரையை விட்டு எழும்பும்போது இருக்கக்கூடிய மொத்த எடை 816 கிலோ. வெறும் விமானம் ஏறத்தாழ 500 கிலோ என்று கொள்வோம். மிச்சம் 316. முழு டேங்க் 159 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் 0.72 கிலோ வீதம் 114 கிலோ போய்விட்டது. மிச்சம் 202. ஆளுக்கு 80 கிலோ வீதம் இரண்டு பேர் ஏறினால் 42 கிலோ பாக்கி. இப்போது தோல் இருக்கை வேண்டும், சத்தம் குறைக்கும் உள்விரிப்பு வேண்டும், இரண்டாவது திரை வேண்டும், பெயின்ட் இன்னொரு பூச்சு வேண்டும் என்று ஆசைப்படுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ, மூன்று கிலோதான். மொத்தம் 15 கிலோ ஏறினால் பாக்கி 27. ஊருக்குப் போகும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் அரிசி மூட்டைக்கு இடமில்லை.

எடையின் அளவு மட்டும் போதாது, அது இருக்கும் இடமும் முக்கியம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும். விமானத்திலும் அதே கதைதான். முன்பாரம் மிஞ்சினால் இறங்கும்போது மூக்கைத் தூக்கி நிறுத்துவது கடினம். பின்பாரம் மிஞ்சினால் விமானம் நிலையில்லாமல் ஆடும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்திவிட்டால் மூக்கைக் கீழே கொண்டுவர முடியாமலே போகலாம். இரண்டில் பின்பாரம்தான் ஆளைக் கொல்லும். கனமான புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுத்தால் பாரம் முன்னே நகரும், இலேசானதைப் போட்டால் பின்னே நகரும். பேட்டரியை எங்கே வைப்பது என்பதுகூட அதைப் பொறுத்து மாறும். பட்டியலில் எதையும் தனியாக டிக் போட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்ஜின் பற்றிய சண்டை பெரியது. அமெரிக்காவின் லைகமிங் ஒரு பக்கம், ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் மறுபக்கம். கோவைக்காரர்களுக்கு மோனோபிளாக் பம்ப் தெரியும். மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இருக்கும், இடையில் எதுவும் இல்லை. லைகமிங் அப்படித்தான். பெரிய சிலிண்டர்கள், காற்றால் குளிர்வது, நிமிடத்துக்கு 2700 சுற்றுக்கு மேல் போகாது, புரொப்பெல்லர் நேராகத் தண்டிலேயே மாட்டியிருக்கும். ரோட்டாக்ஸ் 912 சிறிய இன்ஜின். 5800 சுற்று வரை வேகமாகச் சுழன்று, 100 குதிரைசக்தி வகையில் 2.43-க்கு 1 என்ற பல்சக்கரத்தால் வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லரைச் சுழற்றும். நேராக மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். 1.83 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரின் நுனி, 2700 சுற்றில் நொடிக்கு 258 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 5800 சுற்றில் அதுவே 550 மீட்டரைத் தாண்டிவிடும். ஒலியின் வேகம் 340 மீட்டர். நுனி ஒலியை நெருங்கினாலே இழுவிசை கெட்டு, காது கிழியும் சத்தம்தான் மிச்சமாகும். ரோட்டாக்ஸ் எடை குறைவு, சாதாரணக் கார் பெட்ரோலையும் ஏற்கும், இரண்டு பேர் செல்லும் இலகு விமானத்துக்குப் பொருத்தம். 180 குதிரைசக்தி வேண்டும் என்றால் லைகமிங். கார் இன்ஜினை மாற்றிப் பொருத்துபவர்களும் உண்டு. அவர்கள் பறப்பதைவிடப் பழுதுபார்ப்பதை விரும்புகிறவர்கள் என்பது என் எண்ணம்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்பதில் வெயிலும் ஈரமும் பேசும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலக் காற்று குளிரும். ஈரமான நாளில், வெளியே 20 டிகிரி இருந்தாலும், உள்ளே பனிக்கட்டி படிந்து இன்ஜின் மூச்சுத்திணறலாம். அதனால் சூடான காற்றைத் திருப்பிவிடும் வசதி கட்டாயம் தேவை. இன்ஜெக்‌ஷனில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சூடாக இருக்கும் இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், குழாய்களில் பெட்ரோல் ஆவியாகி நின்று மக்கர் செய்யும். சித்திரை வெயிலில் பல்லடம் ரோட்டில் நின்றுபோன பழைய அம்பாசிடரைத் தள்ளியவர்களுக்கு இது புதிதல்ல.

புரொப்பெல்லர் கிட்டத்தட்ட கியர் மாதிரி. நிலையான கோணம் கொண்டது ஒரே கியரில் ஓடும் பஸ். மேட்டுக்குப் பொருத்தினால் சமவெளியில் இரையும், சமவெளிக்குப் பொருத்தினால் மேட்டில் திணறும். கோணத்தைத் தானே மாற்றிச் சுற்றை மாறாமல் வைக்கும் புரொப்பெல்லர், ஏறும்போதும் பறக்கும்போதும் சரியான கியரில் இருக்கும். அதன் விலை பல மடங்கு. நிலையான கோணம் கொண்ட மரப் புரொப்பெல்லரோடு ஒப்பிட்டால் பத்துக் கிலோவுக்கு மேல் எடை கூடும், அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். நீண்ட ஓடுபாதையில் ஏறி, நேராகப் பறந்து, நீண்ட ஓடுபாதையில் இறங்குபவருக்கு அது தேவையா என்பதை அவரது ரூட்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சக்கரம் மூக்கிலா, வாலிலா? வாலில் இருந்தால் இலேசு, காற்றுத்தடை குறைவு, கரடுமுரடான தரைக்கு நல்லது. ஆனால் பாரம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், இறங்கி ஓடும்போது கொஞ்சம் அசந்தாலும் பின்புறம் முன்னே வரப் பார்க்கும், தள்ளுவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளினால் திரும்பிக்கொள்வது போல. மூக்குச் சக்கரம் தானாகவே நேராக ஓடும். வால் சக்கரம் அழகு என்பார்கள். புதியவர்கள் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக் கூரை முன்புறமாகத் திறக்க வேண்டுமா, பின்னால் சறுக்க வேண்டுமா என்பதும் ஒரு டிக். வெயில் ஊரில் சறுக்குக் கூரைதான் என் ஓட்டு. தரையில் ஓட்டும்போது திறந்து வைத்துக் காற்று வாங்கலாம்.

திரைகள், தானோட்டி (ஆட்டோபைலட்), ரேடியோ எல்லாவற்றையும் கடைசியில் வாங்க வேண்டும். நாலைந்து ஆண்டு கட்டும் வேலையில் முதல் ஆண்டே வாங்கிய திரை, பறக்கும்போது பழைய மாடலாகிவிடும், உத்தரவாதமும் முடிந்திருக்கும். இன்ஜினும் அப்படித்தான். ஓடாமல் கிடக்கும் இன்ஜினுக்குள் துரு ஏறும். பட்டியலில் மனிதர்கள் அதிகம் கனவு காண்பது இந்தப் பகுதியில்தான். மேஸ்திரி இங்கே ஒரு குறை கண்டுபிடித்தார்: "இவ்வளவு போட்டும் ஏர் ஹாரன் இல்லையே?"

கட்டி முடித்ததும் நேராகப் பறந்துவிட முடியாது. அமெரிக்காவில் ஆய்வாளர் பார்த்து, 'பரிசோதனை விமானம்' என்று உள்ளே ஏறுமிடத்தில் எழுதச் சொல்லி, முதல் 25 அல்லது 40 மணி நேரத்தை ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில், பயணிகள் இல்லாமல் சோதித்துப் பறக்கச் சொல்கிறார்கள். சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்த இணை என்றால் 25, மற்றவற்றுக்கு 40 என்பது வழக்கமான கணக்கு. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் பதிவும் பறக்கும் அனுமதியும் வேண்டும், அந்தப் பாதை நீளமானது. மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் தன் சொந்த வடிவமைப்பில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், 2016-ல் அதைக் கண்காட்சியில் வைத்தார். பதிவு 2017-ல் கிடைத்தது, பறக்கும் அனுமதி 2019-ல். இங்கே கட்ட நினைப்பவர்கள் தகடு வாங்கும் முன் விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

அன்று மாலை பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து அத்தை மகன் தன் ரூட்டை எழுதினான். சனிக்கிழமை காலை மனைவியோடு கிளம்பி, 400 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஹூஸ்டனில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டு முனையிலும் நீண்ட தார் ஓடுபாதை. மேகத்துக்குள் பறக்கும் எண்ணம் இல்லை. எழுதி முடித்ததும் பட்டியலை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். கோணம் மாறும் புரொப்பெல்லர் போயிற்று. இரண்டாவது திரை, தோல் இருக்கை, இரவு விளக்குகளில் பாதி போயின. மூக்குச் சக்கரமும் தானோட்டியும் நின்றன. இன்ஜின் எதிரே மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். மேஸ்திரி அதற்குள், காலையில் சாய்ந்துபோன ரிவிட் இருந்த துளையில் புதிய ரிவிட்டை நுழைத்து, டாலியை என் கையில் கொடுத்துவிட்டு, தானே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நின்றார்.